மல்விஹில் வீட்டு அணையா நெருப்பு

ஒரு கடலையும் பாதிக் கண்டத்தையும் கடந்து, பஞ்சத்துக்கும் பனிக்கும் வெட்டுக்கிளிக்கும் தப்பி, நூற்று நாற்பது ஆண்டுகளாக ஒரு நொடியும் அணையாமல் எரியும் அடுப்பு இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மல்விஹில் குடும்பத்துக்குச் சொந்தமானது. பெர்னார்ட் மல்விஹில் பதினோரு வருடம் பாடுபட்டு எழுதிய குடும்ப வரலாறு இப்படித்தான் தொடங்குகிறது. அவன் அதைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டியபோது, மேற்படி அடுப்பின் மேல் ஓர் அலுமினியச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவனுடைய அக்கா நோனி, கால் ஆணியை ஊறவைக்க வெந்நீர் போட்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் பெர்னி.

"வெட்டுக்கிளி நல்லா இருக்கு," என்றாள் நோனி.

பெர்னி, பக்கத்து ஊரான கார்வினின் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தலைமையாசிரியர் நாற்காலி கடைசிவரை கிடைக்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை, ஊருக்குள் தனியாக இருந்தான். தனக்குப் பின்னால் வர யாருமில்லை என்று தெரிந்ததும், தனக்கு முன்னால் போனவர்களைப் பிடித்துக்கொண்டான். கல்லறை கல்லறையாய் ஏறி இறங்கினான். அயர்லாந்துக்கே போய், லிமரிக் பக்கம் தன் பாட்டன் பூட்டன் வாழ்ந்த வயலைத் தேடிப்பிடித்தான். அங்கே ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தான்.

அவன் சொல்லும் கதை இது. மூதாதை மலாக்கி மல்விஹில் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, தன் தகப்பன் வீட்டு அடுப்பிலிருந்து மூன்று கங்குகளை ஓர் இரும்புப் பானையில் எடுத்துச் சாம்பலால் மூடிக்கொண்டு கப்பல் ஏறினார். அந்தக் காலத்துக் கப்பல்களில், கீழ்த்தட்டுப் பயணி ஒரு புகைக்குழாயைப் பற்றவைத்தாலே பிடித்து அடைத்துவிடுவார்கள். மலாக்கி மட்டும் ஒரு பானை நெருப்போடு அமெரிக்கா வந்து சேர்ந்துவிட்டார். கப்பல் தலைவனும் ஐரிஷ் ரத்தமாக 'இருந்திருக்க வேண்டும்' என்று பெர்னி எழுதியிருந்தான். அந்தப் புத்தகத்தில் அதிகம் உழைத்த சொல் 'இருந்திருக்க வேண்டும்' என்பதுதான். யாருமே இல்லாத வெட்டவெளியில் மலாக்கி முதல் ஏரைப் பூட்டினார் என்றும் எழுதியிருந்தான். அந்த 'யாருமே இல்லாத' பூர்வகுடிகள் விரட்டப்பட்டபோது விட்டுப்போன குடியிருப்புப் பள்ளங்களில்தான் மலாக்கி தன் முதல் பனிக்காலத்தைக் கழித்தார் என்பது அடிக்குறிப்பில்கூட ஏறவில்லை.

நெருப்பைக் காப்பது வீட்டுப் பெண்களின் வேலை. பொழுது சாய்ந்ததும் கங்குகளைக் கூட்டி, சாம்பலால் போர்த்தி, புனித பிரிஜித்தின் பேரில் ஒரு ஜெபம் சொல்லிப் படுக்கவைக்க வேண்டும். காலையில் சாம்பலை விலக்கி எழுப்ப வேண்டும். கைக்குழந்தை என்றால் வளர்ந்துவிடும், இது வளராது. அம்மா இறந்த பிறகு இது நோனியின் தலையில் விழுந்தது. அதனால் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்கியதில்லை. மாநிலத்தின் கிழக்கு எல்லையே மிசிசிப்பி ஆறுதான். எழுபத்து மூன்று வயதாகியும் அவள் அதைப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அந்த நெருப்பு அணைந்திருக்கிறது. நோனிக்கு நன்றாகத் தெரியும், அணையவிட்டவளே அவள்தான். முதல் தடவை, காய்ச்சலில் கிடந்து எழுந்து பார்த்தபோது, அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். இரண்டாம் தடவை அழவில்லை, தீக்குச்சியைக் கிழித்தாள். அதற்குப் பிறகு பழைய செய்தித்தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒருமுறை பெர்னியே மறந்துவிட்டுப்போன சிகரெட் லைட்டர். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசரமும் இந்த வருடம் வரைக்கும் வரவில்லை.

இந்த வருடம் ஒரு வீடு காலியாகியிருந்தது. கார்வினில், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த முதியோர் குடியிருப்பில், தரைத்தளத்தில். பக்கத்துப் பண்ணை ஹில்டா வெசல்ஸ் துணைக்கு வர, நோனி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரில் ஒரு குமிழ் இருந்தது. திருப்பினால் தரையோரத்துக் கம்பி வலையிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. சாம்பல் இல்லை, விறகு இல்லை, ஜெபமும் இல்லை. நோனி அந்த வலையின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, ஹில்டா கூப்பிடும் வரைக்கும் அசையாமல் நின்றாள்.

குடியிருப்பைப் பார்த்துக்கொண்ட டோரீன், "மே முதல் வாரத்துக்குள்ள சொல்லிடுங்கம்மா. அடுத்து வரிசையில நிக்கறது இவங்கதான்," என்று ஹில்டாவைக் காட்டினாள்.

"எனக்கொண்ணும் அவசரமில்ல," என்றாள் ஹில்டா. அவளும் விதவை, அவள் வீட்டுக் கூரையும் ஒழுகியது. "ஆனா நீ போகலைன்னா என்கிட்ட முதல்ல சொல்லு, நோனி."

போகாமலிருக்க நோனிக்கு ஒரே காரணம்தான் இருந்தது. அது சமையலறையில் புகைந்துகொண்டிருந்தது. அவள் வீட்டைவிட்டுப் போனால் நெருப்பு செத்துவிடும் என்பான் பெர்னி. அது செத்துப் பல காலமாகிறது என்று அவள் சொன்னால், செத்துப்போவது பெர்னியாக இருக்கும். அவனுடைய பதினோரு வருடமும் அந்த அடுப்பில்தான் உட்கார்ந்திருந்தது.

ஆகவே அவள் ஒரு வழி யோசித்தாள். வரலாற்றை அவன்தானே துருவுகிறான், உண்மையையும் அவனே துருவி எடுத்துக்கொள்ளட்டும். நாம் இடத்தை மட்டும் காட்டிவிடலாம்.

"அட்ராக்டா அத்தையைக் கேட்டியாடா? தொண்ணூத்தி நாலு வயசு. இன்னும் எத்தனை நாளோ," என்றாள்.

சிஸ்டர் அட்ராக்டா அவர்களுடைய அப்பாவின் தங்கை. கன்னியாஸ்திரீயாகி, பள்ளிக்கூடங்களில் மூன்று தலைமுறையை அடித்துத் திருத்தி, இப்போது கன்னியர் ஓய்வு இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருந்தாள். ஏப்ரல் மாதத்துச் சேறு காரின் கண்ணாடிவரை அடிக்க, இரண்டு பேரும் போனார்கள். வழியெல்லாம் ஆள் இல்லாத பண்ணை வீடுகள். ஜன்னலுக்குப் பலகை அடித்த பள்ளிக்கூடம் ஒன்று. பெர்னி ஒவ்வொன்றுக்கும் அதை முதலில் கட்டியவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் பூட்டியவரின் பெயரைச் சொல்லவில்லை.

டேப் ரெக்கார்டரை அத்தையின் மடியருகே வைத்து, பெர்னி தொண்டையைச் செருமினான். "அத்தை, நம்ம வீட்டு நெருப்பைப் பத்திச் சொல்லுங்க. உங்க வார்த்தையிலயே வேணும்."

"எந்த நெருப்பு? பழைய நெருப்பா, வெசல்ஸ் வீட்டு நெருப்பா?"

பெர்னி சிரித்தான். "வெசல்ஸ் ஜெர்மன்காரங்க அத்தை."

"அது எனக்குத் தெரியாதாடா? நான்தானே வாளியைத் தூக்கிட்டுப் போனேன்." அத்தை நாற்காலியில் நிமிர்ந்தாள். "எங்கப்பா ஒரு சாவு வீட்டுக்குப் போயி நல்லா ஏத்திக்கிட்டு வந்து விழுந்துட்டாரு. அம்மா பிரசவமாகிப் படுத்திருந்தா. விடிஞ்சு பார்த்தா அடுப்பு பொணம் மாதிரி கெடக்கு. என் கையில வாளியைக் குடுத்து, போடி, அந்த ஜெர்மன்காரன்கிட்ட ரெண்டு கங்கு வாங்கிட்டு வா, வழியில எவன் கேட்டாலும் வாயத் திறக்காதேன்னாரு."

"வீட்டுல தீக்குச்சி இருந்திருக்குமே," என்றாள் நோனி, எதுவும் தெரியாதவள் போல.

"டப்பா டப்பாவா இருந்துச்சு. தீக்குச்சிக்கு வம்சம் ஏதுடி? அடுப்புன்னா இன்னொரு அடுப்புக்குப் பொறந்திருக்கணும். ஜெர்மன் அடுப்பா இருந்தாலும் அது அடுப்புதானேன்னு அப்பா கணக்கு." அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். "கிழவர் வெசல்ஸ் கங்கோட ஒரு துண்டு சாசேஜும் குடுத்தாரு. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. கறி தொடக் கூடாது. அந்த மாதிரி ஒரு சாசேஜ் அப்புறம் என் ஆயுசுக்கும் கெடைக்கல."

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அதன்மேல் பெர்னியின் கட்டைவிரல் இருந்தது.

"பேட்டரி தீர்ந்துபோச்சு," என்றான்.

திரும்பும் வழியில் அவன் ரெக்கார்டரைக் காரின் முன்பெட்டிக்குள் போட்டு மூடினான். பிறகு, "பாவம், நினைவு தப்பிடுச்சு," என்றான்.

"உன் முதல் அத்தியாயம் முழுக்க அவங்க சொன்னதுதானேடா."

"அது நினைவு தெளிவா இருந்தப்ப சொன்னது."

நோனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உழுது போட்ட கருப்பு நிலம் ஈரமாக ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் கார் நின்றதும், இறங்காமலே சொன்னாள்: "சரி. அத்தையை விடு. நானே அணையவிட்டிருக்கேன் பெர்னி. ஒரு தடவை இல்ல."

பெர்னி வண்டியை அணைத்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தான். பள்ளியில் காப்பியடித்த பையன்களை விசாரிக்கும்போது அவன் முகம் இப்படித்தான் இருக்கும்.

"அடுப்புக் கல்லைத் தொட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சூடு இருந்துச்சா?"

"கொஞ்சம் இருந்துச்சு."

"அப்ப அது அணையல. நெருப்புங்கறது சுடர் இல்லக்கா, சூடு. சூடு இருந்தா தொடர்ச்சி இருக்கு." அவன் குரலில் தெம்பு வந்துவிட்டது. "இதை ஒரு பின்னிணைப்பா போட்டுடலாம். நீ சொன்னதும் நல்லதாப் போச்சு."

நோனி அவனைப் பார்த்தாள். காதோரம் முடி எல்லாம் கொட்டி, காலர் பெரிதாகித் தொளதொளத்தது. ஐந்து வயதுப் பையனாக அவன் செத்த கோழிக்குஞ்சைத் தூங்குகிறது என்று சொல்லி ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. கதவைத் திறந்து இறங்கினாள்.

மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்குப் பெர்னியின் கையெழுத்துப் பிரதி போயிருந்தது. சங்கத் தலைவி திருமதி ஹேவர்ட்டி அதைப் படித்து அழுததாகத் தகவல் வந்தது. எத்தனை பக்கம் படித்து அழுதாள் என்ற தகவல் வரவில்லை. முன்னோடிக் குடும்பம் என்று வெண்கலப் பலகை பதிப்பது, வீட்டு நெருப்பை ஒரு லாந்தரில் ஏற்றி ஊர்வலமாக நீதிமன்ற வளாகத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவது, அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அதை நிரந்தரமாக எரியவிடுவது என்று முடிவாயிற்று.

இதைக் கேட்டதும் நோனிக்கு, பல வருடங்களில் முதல் தடவையாக, அந்த நெருப்பின் மேல் பிரியம் வந்தது. அருங்காட்சியகத்தில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அங்கே போய் அது குடியேறிவிட்டால் இங்கே அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. பெர்னியின் மானமும் போகாது, பொய்யைப் பொய் என்று யாரும் சொல்லவும் வேண்டாம். லாந்தரைப் பற்றவைத்துக் கையில் கொடுத்துவிட்டு, "இனி உங்க பாடு," என்று ஒரு வார்த்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னால் போதும். மறுநாள் டோரீனிடம் சாவியை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பெட்டிகளில் துணிமணியும் பாத்திரமும் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தாள்.

விழா நாளைச் சங்கத்துக்காரர்கள் குறித்தார்கள். வாத்தியக் குழுவுக்கும் மாநிலச் சட்டசபை உறுப்பினருக்கும் ஒத்துவந்த நாள் அது ஒன்றுதான்.

அன்று காலை நோனிக்கு நிற்க நேரமில்லை. பொழுது விடிந்ததும் எழுந்து, காஸ் அடுப்பில் காப்பி போட்டாள். பெரிய அடுப்பை அப்படியே சாம்பல் போர்த்தி விட்டுவைத்தாள்; எல்லார் முன்னாலும் சாம்பலை விலக்கிக் கங்கை எழுப்ப வேண்டும் என்று திருமதி ஹேவர்ட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாம் சாண்ட்விச் செய்தாள். தேவாலயத்துக்குப் போடும் நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். ஹில்டா ஓர் அண்டா நிறைய உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்து, பின்வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"நோனி, கொஞ்சம் உப்பு குடு. வெளிய மேசையில வச்சுக் கலக்கிக்கறேன்."

"இன்னைக்குக் கிடையாது," என்றாள் நோனி, சாண்ட்விச்சிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உப்பு கிடையாதா?"

"உப்பு இருக்கு. இன்னைக்கு வெளிய குடுக்கறது கிடையாது. உள்ள வந்து போட்டுக்கோ."

ஹில்டா இடுப்பில் கைவைத்து அவளைப் பார்த்தாள். "நாப்பது வருஷமா பக்கத்துல இருக்கேன். ஒவ்வொரு மே ஒண்ணுக்கும் உங்க வீட்டுல இதே கூத்து."

நோனியின் கத்தி நின்றது.

மே முதல் தேதி. பழைய ஐரிஷ் வழக்கப்படி அன்று வீட்டைவிட்டு உப்பு போகக் கூடாது, பால் போகக் கூடாது. நெருப்பு போகவே கூடாது. அன்று ஒரு கங்கு வாசல் தாண்டினால் அந்த வருடத்து அதிர்ஷ்டம் முழுவதும் அதோடு போய்விடும். இது அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. இடது கைக்காரி எழுதுவதுபோல அது பாட்டுக்கு அவளிடம் இருந்தது. பெர்னியின் புத்தகத்தில் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க இதுதான். படங்களோடு.

அவள் முற்றத்துக்குப் போய் அவனைப் பிடித்தாள். பச்சைக் கழுத்துப்பட்டை கட்டி, அவன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"டேய், இன்னைக்கு என்ன தேதி?"

"மே ஒண்ணு," என்றான். பிறகு அவன் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. "ஐயோ. இப்ப என்னக்கா பண்றது? வாத்தியக் குழு வந்தாச்சே."

"ஒண்ணும் பண்ண வேண்டாம். வாய மூடிட்டு இரு," என்றாள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தீக்குச்சியில் பிறந்த நெருப்பு. பாட்டன் கொண்டுவந்ததும் இல்லை, ஜெர்மன்காரன் கொடுத்ததும் இல்லை. அதில் போவதற்கு என்ன அதிர்ஷ்டம் இருக்கிறது? இருந்தாலும் இந்த வீட்டில் அது எந்த மூலையில் இருந்தது? அப்பா வைக்கோற்போரிலிருந்து விழுந்து செத்தார். அண்ணன் கொரியாவில் செத்தான். நிலத்தில் பாதி வங்கிக்குப் போயிற்று. போகட்டும் சனியன்.

கூட்டம் வந்தது. பேச்சுகள் நடந்தன. சட்டசபை உறுப்பினர் மல்விஹில் என்ற பெயரை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி உச்சரித்தார். கிழக்கிலிருந்து சாம்பல் நிற மேகம் ஏறி, காற்று ஈரமாக வீசியது. கடைசியில் எல்லாரும் சமையலறை வாசலில் வந்து மொய்த்தார்கள். திருமதி ஹேவர்ட்டி புத்தம்புதிய பித்தளை லாந்தரை இரண்டு கையாலும் ஏந்தி, வாசற்படியில் நின்றாள். நோனி கையில் இரும்புக் கரண்டியோடு அடுப்பின் பக்கம் திரும்பினாள். குனிய வேண்டியதுதான் பாக்கி.

முதுகு குனியவில்லை.

அவள் மனது தெளிவாகத்தான் இருந்தது. குனி, எடு, கொடு என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. வெதுவெதுப்பாகக் காற்று வரும் அந்தக் கம்பி வலையைக்கூட அது காட்டிப் பார்த்தது. முதுகு கேட்கவில்லை.

அவள் திரும்பினாள். "இன்னைக்கு மே ஒண்ணு," என்றாள். அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இன்னைக்கு இந்த வீட்டு நெருப்பு வாசல் தாண்டாது."

வெளியே வாத்தியக் குழுவில் ஒருவன் தும்மினான்.

திருமதி ஹேவர்ட்டியின் கண் நிறைந்தது. லாந்தரைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள். "பார்த்தீங்களா? இதைத்தான் நாம கண்ணாடிக் கூண்டுக்குள்ள அடைக்கப் பார்த்தோம். நாம யாரு இதை எடுத்துட்டுப் போக? இந்த நெருப்பு இங்கயேதான் இருக்கணும். இவங்க கையிலதான் இருக்கணும்."

கைதட்டல் கிளம்பியது.

"நாளைக்கு வாங்க, தர்றேன்னு சொல்ல வந்தேன்," என்றாள் நோனி. "நாளைக்குத் தாராளமா எடுத்துட்டுப் போகலாம்."

அது யார் காதிலும் விழவில்லை. பெர்னி முன்வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவனுடைய ஒன்பதாம் அத்தியாயம் உயிரோடு எழுந்து நின்று பேசியதை அவன் பார்த்துவிட்டான். ஹில்டா மட்டும் கைதட்டாமல், சாலட் கரண்டியோடு நோனியின் முகத்தையே பார்த்தாள்.

"லூசு," என்றாள் மெதுவாக.

சங்கம் அன்றைக்கே அங்கேயே ஒரு தீர்மானம் போட்டது. ஹொனோரா மல்விஹில், அதாவது நோனி, அந்த நெருப்பின் ஆயுட்காலக் காவலர். பலகையில் அவள் பெயரையும் சேர்த்து வார்த்துக் கொண்டுவந்து வாசலில் பதித்தார்கள். பிறந்த வருடமும் ஒரு கோடும் இருந்தன. கோட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

பத்திரிகையில் முதல் பக்கத்திலேயே படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு டோரீன் தொலைபேசினாள். "நீங்க வரமாட்டீங்கன்னு புரிஞ்சுகிட்டேம்மா. உங்களை மாதிரி ஒருத்தங்களை இங்க கூப்பிட்டதே தப்பு. படிச்சிட்டு எங்கம்மா அழுதாங்க." நோனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹில்டா காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டதாக டோரீன் சொன்னாள்.

ஹில்டா குடிபோன அன்று, தன் வீட்டில் மிச்சமிருந்த விறகையெல்லாம் டிராக்டரில் ஏற்றிக்கொண்டுவந்து நோனியின் கொட்டகையில் இறக்கினாள்.

"எனக்கு இனி எதுக்கு," என்றாள்.

"உனக்கு எதுக்கு," என்றாள் நோனி.

மழை பிடித்துக்கொண்டது. ஹில்டா போய்விட்டாள்.

பத்திரிகையில் வராத விஷயம் ஒன்று உண்டு. விழா நாளில் எல்லாரும் போன பிறகு, நோனி கரண்டியை எடுத்து அடுப்பிலிருந்த சாம்பலை விலக்கினாள். உள்ளே கங்கு எதுவும் இல்லை. முந்தின ராத்திரியே அணைந்திருந்தது.